பேர் சொல்லாத டேப்

மார்ச் 3

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

உன் தங்கை டமாரம் எழுதுவது. இங்கே நான் வேளைக்குத் தின்று, வேளைக்குத் தூங்கி ஒழுங்காக இருக்கிறேன். அங்கே நீ, அத்தான், உன் இடது முழங்கால் மூவரும் சௌக்கியமா? பஸ் கிளட்சை மிதித்து மிதித்து அந்தக் கால் வீங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா, இல்லை அத்தானுக்கு டீ போட்டே வெந்நீர் தீர்ந்துபோனதா?

எனக்கு அதே ஓட்டல், அதே சலவைக்கூடம். கட்டடத்துக்கு அடியில் இருப்பதால் ஜன்னல் கிடையாது. நீச்சல்குளத் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்தால் வெளியே வெயில், வராவிட்டால் மழை. அவ்வளவுதான் எனக்கு வானிலை.

இதோடு ஒரு டேப் வருகிறது. விதி மறந்துவிடவில்லையே? யார் பாட்டு, எந்த ஊர் என்று அட்டையில் எழுதக் கூடாது. கேட்டவர் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு அனுப்பிய பிறகுதான் பேரைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் நீ போட்ட சட்டம். "பேரைக் கேட்டுட்டா காது பொய் சொல்லும்டி" என்பாய். நீ இந்த ஜென்மத்தில் யாருக்கும் எட்டைத் தாண்டியதில்லை என்பதால் ஏழு வந்தாலே நான் குதிப்பேன்.

இது ஜாஸ். மூன்றே பேர். பியானோ, டிரம், அப்புறம் ஆள் உயர வயலினை நிறுத்தி வைத்து விரலால் சுண்டுவார்களே, அது. கேசட் கடைக்காரர் "இதை ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்கம்மா, நீயாவது கேளு" என்று தள்ளிவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டே போட்டேன். பாட்டு முடிந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கையில் அதே தட்டு இருந்தது.

இன்னொரு சேதி. ஓட்டல் பார்ட்டி ஹாலில் வீசி எறிய வைத்திருந்த பழைய கீபோர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூடவே ஒரு ரிதம் பெட்டி, பட்டனைத் தட்டினால் டிரம் அடிக்கும். சும்மாதான், மூலையில் கிடக்கிறது.

மார்க்குக்காகக் காத்திருக்கும்,
டமாரம்

*

மார்ச் 29

அடியே டமாரம்,

உன் ஜட்ஜம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். ஒத்தடம் அத்தானே கொடுக்கிறார், கொடுத்துக்கொண்டே அவர் தூங்கிவிடுகிறார். உன் கை வெடிப்பு எப்படி இருக்கிறது? சோப்புத் தண்ணீரில் கையுறை இல்லாமல் கை விடாதே என்று எத்தனை தடவை சொல்வது. விரலைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன்.

டேப்பை மதிய டிரிப்பில் போட்டேன். அப்போது கூட்டம் இருக்காது. அந்தப் பெரிய வயலின்காரர் வாசிக்கும்போது தொண்டைக்குள் முனகுகிறாரே, கவனித்தாயா? எங்கள் கண்டக்டர் "யாரோ பாசஞ்சருக்கு வயித்து வலி போலருக்கு டிரைவரம்மா" என்று கடைசி சீட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிரித்து சிரித்து ஒரு ஸ்டாப்பில் நிறுத்தாமல் போயிருப்பேன். ஏழரை மார்க். அதில் இரண்டு அந்த முனகலுக்கு.

பஸ்ஸில் டேப் போடலாமா என்று கேட்பாய். இந்த டெப்போவில் ஸ்டியரிங் பிடித்த முதல் பொம்பளை நான். "பாட்டை நிறுத்து" என்று என்னிடம் சொல்ல மேனேஜருக்கு இன்னும் வாய் வரவில்லை.

வீட்டில் அப்பா வாங்கிப்போட்ட டேப் ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்த வியாதியும் அப்படியே. நம் டிஸ்கோ டேப் சரியாக அதே இடத்துக்கு வந்ததும் ஒரு இழு இழுத்து, மூச்சு நின்று, பிறகு குதித்து ஓடுகிறது. சின்ன வயதில் அந்த இழுவை வரும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்போமே! போன வாரம் அத்தான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து, "புது பெல்ட் கிடைக்குது, மாத்திடறேன்" என்றார். "கையை வெச்சீங்க, அப்புறம் இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்றேன். மனிதர் மூடிவைத்துவிட்டார்.

என் பங்குக்கு ஒரு டேப் அனுப்புகிறேன். டெப்போவில் மறந்துபோன சாமான்களுக்கு ஓர் அலமாரி உண்டு. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. யாரும் தேடி வராத டேப்பெல்லாம் எனக்குத்தான். இது டிஸ்கோ. அட்டையே இல்லை, அதனால் பேர் எனக்கும் தெரியாது. விதியை இதைவிட ஒழுங்காக யாராலும் கடைப்பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஜட்ஜம்மா

*

ஏப்ரல் 24

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

டமாரத்தின் வணக்கம். கை பரவாயில்லை, களிம்பு தடவுகிறேன். அத்தான் விழித்திருக்கும்போது அவரையும் கேட்டதாகச் சொல்.

முதலில் பேர் சொல்லும் கடமை. அந்த மூவரும் எங்கோ பனி கொட்டும் ஊர்க்காரர்களாம். ஊருக்கு வெளியே யாருக்கும் அவர்களைத் தெரியாது. முனகுகிறவர் பகலில் பல் டாக்டராம், கடைக்காரர் சொன்னார். பேஷண்டுகளிடம் கற்றுக்கொண்டிருப்பார்.

உன் டிஸ்கோவுக்கு எட்டு! கீழே பேஸ் கிடார் ஓடுகிறதே, அந்த ஓட்டத்துக்கு எங்கள் சலவைக்கூடமே ஆடிவிட்டது. போர்வை மடிக்கிறவர்கள் எல்லோரும் தாளத்துக்கு மடித்தார்கள். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "என்ன இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது" என்று சந்தேகமாகக் கேட்டார்.

ஞாயிறு பிற்பகலில் இங்கே ஒரு டான்ஸ் ஹாலுக்குப் போனேன். ஓட்டல் லிஃப்ட்காரர்தான் கூட்டிப்போனார். வயசானவர், சாக்ஸபோன் வாசிப்பார், வாசித்தால் லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே திடீரென்று நம் பாட்டைப் போட்டார்கள் அக்கா, நம் டிஸ்கோ டேப் பாட்டை! சந்தோஷம் தாங்காமல் ஆட ஆரம்பித்தேன். அந்த இடம் வந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றேன். பாட்டு நிற்கவில்லை! நேராக ஓடுகிறது! ஊரே முன்னால் போய்விட்டது, நான் மட்டும் கொக்கு மாதிரி. லிஃப்ட்காரர் வந்து என்மேல் மோதினார். இழுத்தது பெட்டிதான் என்று புத்திக்குத் தெரியும், காலுக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த டேப் மின்னிசை. மனிதர் கை பட்ட வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் கருவி போடும் சத்தம். பொறுமையாகக் கேள்.

டமாரம்

*

மே 20

டமாரத்துக்கு,

நலம். முழங்காலும் நலம். உன் களிம்பு தீர்ந்திருந்தால் எழுது, வேறு அனுப்புகிறேன்.

உன் மின்னிசைக்காரன் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறான். பஸ்ஸில் முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "அம்மா, டேப் மாட்டிக்கிச்சு, நிறுத்துங்க" என்றார். "மாட்டலைங்க, அதுதான் பாட்டு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் மெல்ல மெல்ல அந்தச் சுரம் திறக்கிறது பார், அடைத்த மூக்கு விடுகிற மாதிரி. பெரியவர் தன் ஸ்டாப்பில் இறங்கவில்லை. கடைசியில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம், தள்ளிப் போய் இறங்கி நடந்தார். எனக்குப் பெருமையாகப் போயிற்று. பாட்டு எவனுடையதோ, பெருமை என்னுடையது. ஏழு மார்க்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்தக் கீபோர்டு மூலையில் என்னதான் செய்கிறது? கொண்டுவந்ததாக ஒரு வரி எழுதினாய், அதோடு மூச்சு விடவில்லை. சோற்றுத் தட்டு முதல் பக்கத்து வீட்டுக் கதவு வரை தட்டித் தட்டித்தான் உனக்கு டமாரம் என்றே பேர் வந்தது. அப்படிப்பட்டவளின் அறையில் தட்டினால் சத்தம் போடும் பெட்டி சும்மா கிடக்கிறது என்றால் நான் நம்ப வேண்டுமா?

ஜட்ஜம்மா

*

ஜூன் 15

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

நலம். களிம்பு இருக்கிறது. கீபோர்டும் நலம்.

ஒரு முக்கியமான விஷயம். அந்த டான்ஸ் ஹாலைப் புதுப்பிக்கிறார்கள். அக்டோபரில் திரும்பத் திறக்கும்போது முதல் பாட்டு இந்த ஊரில் உழைக்கிற ஒருவர் போட்ட புதுப் பாட்டாக இருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். எவர் வேண்டுமானாலும் டேப் கொடுக்கலாம், செப்டம்பர் நடுவில் கடைசி நாள். தேர்வாகும் பாட்டை ஒரு கம்பெனி கேசட்டாகவும் வெளியிடும்.

எங்கள் இஸ்திரிப் பிரிவில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவள் ஒரு பாட்டுப் போட்டிருக்கிறாள். கொடுப்பதா வேண்டாமா என்று தவிக்கிறாள். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் "அருமை, அருமை" என்கிறார்களாம், முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றாள். என் அக்கா இருக்கிறாள் என்றேன்.

டேப்பில் மூன்று பாட்டு. ஒன்று அவளுடையது. எது என்று சொல்ல மாட்டேன், விதி விதிதான். நீ ஏழு போட்டால் கொடுப்பாளாம். குறைந்தால் டேப்பை அழித்துவிட்டு இஸ்திரியோடு நிறுத்திக்கொள்வாளாம். சொன்னால் செய்கிற ஜாதி அவள். தயவு தாட்சண்யம் பார்க்காதே அக்கா. ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேள்.

பதிலைச் சீக்கிரம் போடு. அவள் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

டமாரம்

*

ஜூலை 8

டமாரத்துக்கு,

இங்கே நலம். சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து இளைத்திருக்கிறது.

முதல் பாட்டு ஆறு. மூன்றாவது ஏழு. இரண்டாவதுக்கு நாலு.

இரண்டாவதுதான் உன் தோழியுடையது என்று நினைக்கிறேன், அடியில் ஏதோ துணி மெஷின் சுற்றுகிறது. நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் அதன்மேல் கையில் கிடைத்த சத்தத்தையெல்லாம் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். மணி அடிக்கிறது, விசில் ஊதுகிறது, யாரோ கண்ணாடியை உடைக்கிறார்கள். எதற்கு இவ்வளவு? கூட்ட நேரத்து பஸ் மாதிரி ஒன்றின் காலை ஒன்று மிதிக்கிறது. சாக்ஸபோன் ஒன்று நன்றாக வருகிறது, வந்த வேகத்தில் அதையும் இடித்துத் தள்ளிவிடுகிறாள். பயந்தவள்தான் இப்படி இடம் விடாமல் அடைப்பாள். ஒரு நொடி சும்மா இருந்தால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயம்.

ஆனால் நடுவில் ஓர் இடத்தில் பாட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நின்று, பிறகு விழுந்தடித்து ஓடுகிறது. அங்கே மட்டும் அவள் பயப்படவில்லை. நாலு மார்க்கும் அதற்குத்தான். மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அந்த இடத்தை யார் சொன்னாலும் தொடக் கூடாது.

ஏழு வரவில்லை என்று டேப்பை அழித்தாள் என்று கேள்விப்பட்டேனோ, பஸ்ஸை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். நடுவில் கடல் இருந்தாலும் சரி. சொல்லிவை.

ஜட்ஜம்மா

*

ஆகஸ்ட் 12

டமாரத்துக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. என் கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தபால்காரர் நம் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதே, "இன்னிக்கும் இல்லீங்க" என்று தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

இங்கே சேதி உண்டு. டெப்போவில் இரண்டாவதாக ஒரு பெண் டிரைவர் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்துத்தான் லைசென்ஸ் எடுத்தாளாம். அதை மேனேஜர் முன்னால் சொன்னாள்! அன்றைக்கு முழுவதும் என் ஹாரன் சத்தமே வேறு மாதிரி இருந்தது என்கிறார் கண்டக்டர்.

அலமாரியில் புதிதாக ஒரு ஜாஸ் டேப் கிடைத்தது. டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் துடைப்பம் மாதிரி ஒன்றால் பெருக்குகிறார்கள். உனக்குப் பிடிக்கும். அனுப்பியிருக்கிறேன், மார்க் போட்டு எழுது.

உன் தோழி எப்படி இருக்கிறாள்?

ஜட்ஜம்மா

*

செப்டம்பர் 2

டமாரத்துக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லை என்று ஒரு வரி எழுதிப்போடு, அது போதும்.

அத்தான் என்னைத் திட்டுகிறார். "ஒரு ஏழு போட்டா உன் சொத்தா போயிடும்?" என்கிறார். போட்டது போட்டதுதான், மாற்ற மாட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை.

உன் தோழியிடம் ஒன்று சொல். அவள் டேப்பை நான் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. நீ அனுப்பிய வேறு எந்த டேப்பும் இத்தனை நாள் அதற்குள் இருந்ததில்லை.

ஜட்ஜம்மா

*

செப்டம்பர் 22

ஜட்ஜம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

எழுதாததற்குக் காரணம் கோபம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? நாலு மார்க்கைப் பார்த்ததும் என் தோழி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். டேப்பைப் பெட்டிக்குள் போட்டு அழிக்கிற பட்டனில் கட்டை விரலை வைத்துவிட்டாள். அப்போது நீ தொடக் கூடாது என்ற அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. கேட்டாள். விரலை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகும் உன்மேல் கோபம் போகவில்லை, அது வேறு கதை.

கோபத்திலேயே வேலை செய்தாள். மணியைத் தூக்கினாள், விசிலைத் தூக்கினாள், கண்ணாடி உடைகிற சத்தத்தைத் தூக்க மனசே வரவில்லை, அதையும் தூக்கினாள். கடைசியில் மிஞ்சியது மெஷின், ரிதம் பெட்டி, கீழே ஒரு பேஸ், அவ்வளவுதான். லிஃப்ட்காரரை வரச் சொல்லி, "ஒரே ஒரு வரி வாசிங்க, அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். அவரும், "ஒரு வரிக்கா இத்தனை மாடி ஏறி வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். அந்த ஒரு வரியில் அவர் ஆயுசையே வைத்துவிட்டார்.

டேப் எடுத்துக் கொடுத்த கேசட் கடைக்காரருக்கு நடுவில் நின்று ஓடும் அந்த இடம் பிடிக்கவில்லை. "இது தப்பும்மா. ஆடறவங்க கால் தடுக்கும். நான் வெட்டி ஒட்டித் தரேன், யாருக்கும் தெரியாது" என்று பிளேடை எடுத்துவிட்டார். தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "மொத்தப் பாட்டுல அதுக்கு மட்டும்தாங்க மார்க் வந்திருக்கு" என்றாளாம். "யாரு போட்டது?" என்று கேட்டிருக்கிறார். "யாருக்கும் லேசுல மார்க் போடாத ஒருத்தங்க." பிளேடை வைத்துவிட்டார்.

கடைசி நாளன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். முடிவு தெரியவில்லை. புதிய டேப்பை உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எல்லாம் முடிஞ்ச பிறகு கேட்டா போதும் உங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிர் பிடித்தவள்.

துடைப்ப ஜாஸுக்கு எட்டு.

டமாரம்

*

நவம்பர் 5

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலமாக இருக்கிறேன், தரையில் கால் படாமல் இருக்கிறேன்.

தேர்வாகிவிட்டது அக்கா! ஹால் திறந்த அன்று மாலை அந்தப் பாட்டைத்தான் முதலில் போட்டார்கள். சலவைக்கூடம் முழுவதும் வந்திருந்தது. சூப்பர்வைசர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், நாங்கள் இஸ்திரி போட்ட கோட்டு. லிஃப்ட்காரர் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஆடினார்கள். இழுவை வந்தது. ஹாலே தடுமாறிவிட்டது! ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள், ஒரு அம்மாவின் கைப்பை பறந்து போயிற்று. கடைக்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, நான் சொன்னேனே என்று தலையை ஆட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. பாட்டு முடிந்தது. அப்புறம் எல்லோரும் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள்.

திரும்பப் போட்டார்கள். இந்தத் தடவை அந்த இடத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். இழுவை வந்தபோது, அக்கா, அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றார்கள். சூப்பர்வைசரும்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அது நம் வீட்டு பெல்ட். சத்தியமாக நான் வேண்டுமென்று வைக்கவில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது. எங்கோ கிடக்கிற ஊரில், முன்பின் தெரியாத ஜனங்கள், நம் கூடத்தில் நாம் நின்ற மாதிரி நிற்கிறார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு சொல்லிவிடுகிறேன். அந்தத் தோழி நான்தான். இஸ்திரிப் பிரிவில் எனக்குத் தோழி யாரும் கிடையாது, அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் சண்டைக்காரிகள்.

கேசட் வந்துவிட்டது. முதல் பிரதி உனக்கு. அட்டையில் பேர் அச்சடித்திருக்கிறார்கள். விதிப்படி அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். கேட்டு, மார்க் போட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும். யாருடையது என்பதை மறந்துவிட்டு மார்க் போடு. எத்தனை போட்டாலும் இந்தத் தடவை கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டமாரம்

*

டிசம்பர் 1

என் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலமாக, தலை கால் தெரியாமல் இருக்கிறோம். உன் கைக்குக் களிம்பு தடவினாயா? அது இனி உன் கை மட்டும் இல்லை, ஜாக்கிரதை.

கழுதை, எனக்குத் தெரியும். அந்த மூன்று பாட்டு டேப்பை முதல் தடவை போட்ட அன்றே தெரியும். ஒரு ஸ்டாப்பிலிருந்து பஸ்ஸை மெல்லக் கிளப்பிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் என் கால் கிளட்சிலிருந்து தானாக மேலே வந்துவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. பாசஞ்சர்கள் எல்லோரும் திட்டினார்கள். கண்டக்டர், "என்னாச்சு டிரைவரம்மா, நாய் குறுக்க வந்துச்சா?" என்று ஓடி வந்தார். ஆமாம் என்றேன். உலகத்தில் அந்த இடத்தில் காலைத் தூக்குகிறவர்கள் இரண்டே பேர்தானே, அப்போது?

தெரிந்துகொண்டே நாலு போட்டேன். எழுதிவிட்டுத் தபால் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஏழு போட்டிருந்தால் நீ அந்த மணியோடும் விசிலோடும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாய். உன் முகத்தை நினைத்துப் போடுகிற மார்க், மார்க் இல்லை, தாலாட்டு. நீ கேட்டது அது இல்லையே? ஆனால் கடிதம் வராத அந்த நாட்களில், என் தங்கையின் கையை நானே முறித்துவிட்டேனோ என்று நான் பட்டபாடு அத்தானுக்குத்தான் தெரியும். அவர் இப்போது பெல்ட் கடைப் பக்கமே போவதில்லை. "அது பெல்ட் இல்லம்மா, சொத்து" என்கிறார்.

கேசட் காலையில் கைக்கு வந்தது. வீட்டில் கேட்கவில்லை. பஸ்ஸுக்கே எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். அந்த மின்னிசைப் பெரியவர்கூட முன் சீட்டில் இருந்தார். பெட்டிக்குள் போடப் போனேன், கையில் அந்த வெள்ளைக் காகிதம் தட்டுப்பட்டது. மார்க் போட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும். தெரியும், நான் போட்ட சட்டம்தான்.

கிழித்துவிட்டேன். பாட்டுப் போடுவதற்கு முன்பே கிழித்துவிட்டேன். உன் பேரைப் படித்தேன். அச்சில் படித்தேன். எஞ்சினை நிறுத்தினேன். எழுந்து நின்று, திரும்பி, என் ஆயுசில் போடாத சத்தத்தில், "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! இப்ப வரப்போற பாட்டு என் தங்கச்சி போட்டது! என் கூடப் பொறந்தவ!" என்றேன். கண்டக்டர் டிக்கெட்டைப் பாதி கிழித்த கையோடு நின்றுவிட்டார். அந்தப் பெரியவர்தான் முதலில் கை தட்டினார். பாட்டு அப்போது ஆரம்பிக்கவே இல்லை.

அதனால் மார்க் கேட்காதே. பேரைச் சொன்ன பிறகு போடுகிற மார்க் செல்லாது.

உன் அக்கா